ரெஜினா மிஸ்ஸியும் கொழுந்து லொறியும்

ரெஜினா மிஸ்ஸி இறந்துபோன செய்தி எனக்கு ஒரு ரோஜாப்பூப் படமாக வந்தது. காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசி விடாமல் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தால் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பூவுக்கு மேல் பூ, மெழுகுதிரிக்கு மேல் மெழுகுதிரி. நடுவில் மிஸ்ஸியின் பழைய அடையாள அட்டைப் படம். அதிலும் அவர் யாரையோ திட்டி முடித்த முகத்தோடுதான் இருந்தார். ‘மலையகத்தின் தாய்க்கு எமது கண்ணீர் அஞ்சலி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். மற்றவர்கள் அதற்குக் கீழே கைகூப்பும் படங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

இந்தக் குழுவை விட்டு நான் விலகாமல் இருப்பதற்கு ஒரே காரணம், யார் யார் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு மறந்துவிடக் கூடாது என்பதுதான். கொரோனாக் காலத்தில் இதே குழுவில், இதே மிஸ்ஸியின் முகத்தின் மேல் சிவப்பில் குறுக்குக்கோடு போட்டு, ‘இந்தப் பொம்பளை உங்கள் லயத்துக்கு வந்தால் கதவைத் திறக்க வேண்டாம்’ என்று அனுப்பினார்கள். அன்று கோடு போட்ட விரல்களே இன்று ரோஜா அனுப்புகின்றன. மத்தியானத்துக்குள் ஒரு மேதாவியும் வந்து சேர்ந்தார். ‘எல்லா ஊசியும் போட்டவங்கதானே, அதான் போய்ட்டாங்க’ என்று எழுதினார். எழுபதைத் தாண்டி, நெடுங்காலம் சீனி வியாதியோடு வாழ்ந்து, சிறுநீரகம் கெட்டு, பதுளை ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்த மனுசி அவர். அதை அந்த மேதாவிக்கு நான் எடுத்துச் சொல்லவில்லை. தேங்காயைத் துருவி முடித்துவிட்டுத்தான் அழுதேன்.

மிஸ்ஸியைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டங்களில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கிற மருத்துவ மாதுக்களை நாங்கள் மிஸ்ஸி என்போம். ரெஜினா மிஸ்ஸி பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் காலமெல்லாம் அந்த வேலை பார்த்தவர். தோட்டத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஓய்வு பெற்றுப் பண்டாரவளையில் ஓர் அறை எடுத்து இருந்தவரை, கொரோனா வந்ததும் திரும்பக் கூப்பிட்டார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குள் போய்த் தமிழில் பேசுவதற்கு ஆள் போதவில்லை. நான் சுகாதாரப் பணிமனையில் தமிழ் அறிவித்தல்களை எழுதுகிறவள். அப்படித்தான் நாங்கள் ஒரே வாகனத்தில் ஏறினோம்.

முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டார். ‘கர்ப்பிணித் தாய்மார் காய்ச்சல் கண்டால் உடனடியாகத் தெரிவிக்குமாறு தயவாகக் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்’ என்று நான் எழுதியிருந்ததை ஒலிபெருக்கியில் வாசித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “யாரு கேக்குறது?” என்றார். பணிமனைதான் கேட்கிறது என்றேன். “பணிமனைக்கு வாய் இருக்கா? இல்ல, ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா வந்து நிக்கிறதுக்குக் காலு இருக்கா? ஆளு பேரச் சொல்லிக் கேளு ஆபீசம்மா. இல்லாட்டி சும்மா இரு” என்றார். எனக்குச் சுரீரென்றது. அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அவருக்கு அறை கொடுத்திருந்தவர் ஹாட்வெயார் கடை முதலாளி. பெரிய பக்திமான். கடை திறக்கும்போது முதலாளி சாம்பிராணி போடுகிற அழகைப் பார்க்கவே ஆள் நிற்கும். கொழும்புக் கடைகளில் வேலை செய்த தோட்டத்துப் பையன்கள் ஊருக்குத் திரும்பி, லயங்களில் ஒருவர் இருவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும், அவர் தோட்டத்து ஆட்களுக்குக் கடைப் படியை மூடினார். அவருடைய கடையை இத்தனை காலம் தூக்கி நிறுத்தியதே அந்த ஆட்கள் வாங்கிய தகரமும் ஆணியும்தான். மிஸ்ஸி லயங்களுக்குப் போய் வருகிறவர் என்பதால், ஒரு நாள் அவர் திரும்பி வரும்போது அவருடைய டிரங்குப் பெட்டி வாசலில் இருந்தது. சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது முதலாளி அதைக் கையால் தொடவில்லை. தரையில் வைக்கச் சொல்லி அதன் மேல் கிருமிநாசினியை அடித்தார்.

“சாவிக்கு மருந்தடிச்சீங்க முதலாளி, நல்லது. அப்படியே நாக்குக்கும் கொஞ்சம் அடிச்சுக்கங்க” என்றார் மிஸ்ஸி. பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். அன்றே தோட்டத்துக்குப் போய், பிள்ளைக்காம்பராவை ஒட்டிய சின்ன அறையில் குடியேறினார். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. ஊசி வந்து நகரத்தில் போட ஆரம்பித்ததும், அதே முதலாளி அதே மிஸ்ஸியைத் தேடி வந்து, முன்வரிசையில் தன்னை எப்படியாவது சேர்த்துவிட முடியுமா என்று குழைந்தார். மிஸ்ஸி அவரைக் கடைசியில் போய் நிற்கச் சொன்னார். அவர் நின்றார். வெயிலில் வேர்த்து வழிய நின்று போட்டுக்கொண்டு போனார்.

நகரத்தின் லட்சணம் இதுவென்றால், தோட்டத்தில் நடந்தது வேறு. கர்ப்பிணிகளுக்கு ஊசி போடலாம் என்று வந்தது, நோய் மிக மோசமாகப் பரவத் தொடங்கிய சமயத்தில். வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கு வந்தால் மூச்சுக்குத் தவிக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்துகொண்டிருந்தது. தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் கர்ப்பிணிகள் பலர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி யோகேஸ்வரி. முதல் பிள்ளை. புருசன் கொழும்பில். தாய் பார்வதியோடு லயத்துக் கடைசிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில் இருந்தாள். அவர்களை எல்லாம் மேலே பாடசாலைக்குக் கூட்டி வந்து ஊசி போடுவதென்று எங்கள் அதிகாரியும் தோட்டத்து உதவி மனேஜரான சின்னத்துரையும் பேசி முடித்தார்கள். கர்ப்பிணிகள் மலையேறி நடக்கக் கூடாதல்லவா? அதனால் பறித்த தேயிலையை ஏற்றிப் போகிற கொழுந்து லொறியைக் கழுவி, உள்ளே பாய் விரித்து அனுப்பினார்கள். வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பால்மாவும் பிஸ்கட்டும் பார்சலாகக் கட்டியிருந்தார்கள். அந்த யோசனையை நினைத்து அவர்களுக்கு அவ்வளவு பெருமை.

லொறி லயத்து முனையில் திரும்பியதும் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வாசலில் துணி அலசிக்கொண்டிருந்த பெண்கள் வாளியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கி ஓடினார்கள். கதவுகள் படபடவென்று சாத்தப்பட்டன. சின்னத்துரை கையில் பால்மாப் பார்சலோடு லயத்து நடுவில் நின்றார். பிறகு சிரித்தார். “ஊசியப் பாத்து ஓடுறாங்க பாருங்க. எத்தன வருசம் போனாலும் இந்த ஜனங்க திருந்தாது” என்றார். எங்கள் அதிகாரியும் சிரித்தார். வாகனச் சாரதி அதைப் படம் எடுத்தார். ஊசியை யாரும் வெளியில் எடுக்கவே இல்லை, அந்தப் பெண்கள் எதைப் பார்த்து ஓடினார்கள் என்று அந்தப் படித்த கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

மேல் பிரிவிலிருந்து மிஸ்ஸி இறங்கி வந்தபோது லொறி இன்னும் நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு முகம் கறுத்துப்போனது. “லொறிய எவன் அனுப்புனது?” என்றார். யாரும் பதில் சொல்வதற்கு முன்னால் பார்சல்களையும் பார்த்துவிட்டார். “அட நாசமாப் போறவனுகளா, பார்சலுமா?” என்று தலையில் அடித்துக்கொண்டார். நின்று லொறியைத் திருப்பி அனுப்பினார். பிறகு லயத்துப் படியில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார்.

“நான் வேலை பாத்த காலத்துல, ரெண்டு புள்ள பெத்தவள ஆப்பரேசனுக்குக் கூட்டிக்கிட்டுப் போறது இந்த மாதிரி கொழுந்து லொறியிலதான். பாய் விரிச்சு, கையில பார்சல் குடுத்து, கொஞ்சம் காசும் குடுத்து. எங்க கூட்டிக்கிட்டுப் போறோம், என்னா வெட்டுறோம்னு பாதிப் பேருக்குச் சொன்னதில்ல. தெரியாத பாசைல இருந்த பேப்பர்ல ரேகை வாங்கினோம். ஆளக் கொண்டாந்து சேக்குறது நான். மேல இருந்து என்னையத்தான் கேப்பாங்க, ஏன் ஆளு கொறையுதுன்னு. ‘மிஸ்ஸி கூட வர்றா, அப்ப சரி’ன்னு என்னைய நம்பி ஏறுனாளுக. அவளுக பெத்த பொண்ணுகதான் இப்ப மலைக்குள்ள ஓடுதுக.”

எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்த நேரம் அது. “நீங்களா?” என்று கேட்டேன். “வேற யாரு? ரெஜினாதான்” என்றார். கடைசிக் காம்பராவைக் காட்டி, “பார்வதியையும் நான்தான் கொண்டுபோனேன். மூத்தது யோகா. ரெண்டாவது ஆம்பளப் புள்ள, கைக்குழந்த. ஆப்பரேசன் முடிஞ்சு வந்த கொஞ்ச நாள்ல அந்தப் பையன் வயித்தோட்டத்துல போய்ட்டான். அதுக்கப்புறம் அவளுக்கு இன்னொண்ணு பெத்துக்க வழியில்ல” என்றார். அழுதாரா என்று கேட்காதீர்கள். அழவில்லை. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, “நாளைக்குப் பெரட்டுக்கு வா” என்றார்.

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆட்கள் கூடி, யார் எந்த மலைக்கு வேலைக்குப் போவது என்று பிரித்து அனுப்புகிற இடம். நல்ல பனி. பெண்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கூடையோடு நின்றார்கள். கணக்கப்பிள்ளை பிரித்து முடித்ததும் மிஸ்ஸி முன்னால் போய் நின்றார். ஒலிபெருக்கி வேண்டாம் என்றுவிட்டார். அவர் பேசியதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

“எல்லாருக்கும் என்னையத் தெரியும். ஒங்க அம்மாமாருகள நான்தான் லொறியில ஏத்திக்கிட்டுப் போய் ஆப்பரேசன் பண்ண வச்சேன். சொல்லாமப் பண்ண வச்சேன். அது தப்பு. அது தெரிஞ்சுதான் நேத்து நீங்க ஓடுனீங்க, நானா இருந்தாலும் ஓடியிருப்பேன். ஆனா இந்த ஊசி அது இல்ல. இது புள்ளைய நிறுத்துற ஊசி இல்ல, காய்ச்சல்ல நீங்க சாகாம இருக்குறதுக்கு. லொறி வராது. பார்சல் கெடையாது. பிள்ளைக்காம்பராவுல நான் இருப்பேன், டாக்டரும் இருப்பாரு. ஒங்களுக்கு வேணுங்கிற ஆளக் கூட்டிக்கிட்டு நடந்து வாங்க. கேக்குறதெல்லாம் கேளுங்க. வேணாம்னா எந்திரிச்சுப் போங்க. துரை பங்களாவுல ஒரு அம்மா மாசமா இருக்காங்க, அவங்களுக்கும் இதே எடத்துல, இதே டப்பாவுல இருந்து, ஒங்க கண்ணு முன்னாலதான் போடுவேன்.”

கூட்டத்தின் பின்னாலிருந்து பார்வதி குரல் கொடுத்தார். ஒல்லியான, உரத்த குரல் உள்ள பெண். “எம் மகன் செத்தப்ப நீ எங்க இருந்த மிஸ்ஸி?”

“மேல் டிவிசன்ல. செய்தி வந்துச்சு. ஒன் மூஞ்சியப் பாக்க முடியாம வரல” என்றார் மிஸ்ஸி.

“இத்தன வருசமாவா?”

“இத்தன வருசமாத்தான்.”

பார்வதி கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். மற்றவர்களும் போனார்கள். எவரும் கைதட்டவில்லை, எவரும் கண்ணீர் விடவில்லை. கலைந்த கூட்டத்தில் ஒருவர் மட்டும் கைத்தொலைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு நின்றார். லயத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு வகுப்பு எடுக்கிற மாஸ்டர் அவர். தோட்டத்தில் பிறந்து பல்கலைக்கழகம் வரை போனவர். இனம், உரிமை, வரலாறு என்று மேடையில் முழங்குகிறவர். முழுவதையும் படம் பிடித்திருந்தார். அவர் படம் பிடித்ததைப் பார்த்து நான் சந்தோசப்பட்டேன். இதை நாலு பேர் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

நாலு பேர் அல்ல, நாடே பார்த்தது. ஆனால் அதில் மிஸ்ஸி பேசியது முழுவதும் இல்லை. ‘ஒங்க அம்மாமாருகள நான்தான் லொறியில ஏத்திக்கிட்டுப் போய் ஆப்பரேசன் பண்ண வச்சேன். சொல்லாமப் பண்ண வச்சேன்’ என்பது வரைதான் இருந்தது. அதற்குப் பின்னால் ஊசி மருந்துக் குப்பியின் படம் ஒன்றை ஒட்டி, பயங்கரமான இசையைப் போட்டு, ‘தமிழச்சிகளின் கருப்பையைக் குறிவைக்கும் தடுப்பூசி: மருத்துவிச்சியின் வாக்குமூலம்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தார் மாஸ்டர். சாயங்காலத்துக்குள் அது எல்லாக் குழுக்களிலும் சுற்றியது. வெளிநாட்டில் குளிர் அறையில் உட்கார்ந்து, தாங்கள் ஊசி போட்டுக்கொண்ட நம்மவர்களெல்லாம் மலையகத்துக்காகப் பொங்கி எழுந்தார்கள். சிவப்புக் குறுக்குக்கோடு போட்ட படம் வந்தது அப்போதுதான்.

மாஸ்டரை நான் கேட்டேன். பஸ் தரிப்பிடத்தில் பிடித்து, முழுப் பேச்சையும் ஏன் போடவில்லை என்று கேட்டேன். “அக்கா, நீளமா இருந்தா யாரும் பாக்க மாட்டாங்க. நம்ம ஜனத்துக்கு விழிப்புணர்வு வேணும்” என்றார். விழிப்புணர்வு! பேச்சில் பாதிக்கு மேல் வெட்டி எறிந்தவர் சொல்கிற வார்த்தை. அதற்கடுத்த வாரம் பண்டாரவளையில் ஊசி போட்ட இடத்தில் நான் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். தொப்பியை இழுத்துவிட்டு, இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து நின்றவர் யாரென்று நினைக்கிறீர்கள்? அவருக்கு ஊசி வேண்டும். ஊசி போட்ட அட்டை இருந்தால்தான் புது வேலைக்கு எடுப்பார்களாம். கையை நீட்டிப் போட்டுக்கொண்டு போனார். அந்த வீடியோ அப்போதும் குழுக்களில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இத்தனை வருட வேலையில் நான் பலரை வெறுத்திருக்கிறேன். இவரை வெறுக்கிற அளவுக்கு வேறு யாரையும் வெறுத்ததில்லை.

மிஸ்ஸியிடம் நான் குமுறினேன். ஒரு மறுப்பு எழுதித் தருகிறேன், உங்கள் பெயரில் போடுவோம் என்றேன். “நான் சொன்னதத்தான போட்டிருக்கான்? பொய்யா போட்டான்?” என்றார். பாதியைத்தானே போட்டிருக்கிறான் என்றேன். “ஆமா. எனக்குச் சேர வேண்டிய பாதி. அவளுகளுக்குச் சேர வேண்டிய பாதியத் திருடிட்டான்” என்றார். பிறகு பிள்ளைக்காம்பராவின் கதவை அகலத் திறந்து வைத்து, கதவுக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். டாக்டரும் வந்தார். பங்களா அம்மாவும் சொன்னபடி வந்து போட்டுக்கொண்டார். லயத்திலிருந்து ஒருத்தியும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு வீட்டுப் பையன் அவர் மேல் சாணியை எறிந்துவிட்டு ஓடினான். அவர் போய்க் குளித்துவிட்டு வந்து மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ஒரு நாள், மலை வேலை முடிந்த நேரத்தில் பார்வதி வந்தார். பின்னால் யோகா, வயிற்றைத் தாங்கிக்கொண்டு. பார்வதியின் கையில் யோகாவின் கைத்தொலைபேசி. கொழும்பிலிருந்து மருமகன் கத்துவது வெளியில் நின்ற எனக்கே கேட்டது. ஊசி போட்டால் என் வீட்டுப் படி ஏறாதே என்று கத்தினான். “ஒனக்கு ஏதுடா படி? நீயே ஏங் காம்பராவுல இருந்து போனவன்தான” என்று சொல்லிவிட்டுப் பார்வதி அதை அணைத்தார். உள்ளே வந்து மிஸ்ஸிக்கு முன்னால் நின்றார்.

“நீ எனக்குச் செஞ்சத நான் மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன்.”

“மன்னிக்கச் சொல்லி நான் கேக்கல.”

“அந்தக் காலத்துல டாக்டர் இருந்தாரு, துரை இருந்தாரு, யூனியன்காரன் இருந்தான். ஒருத்தன் எங்கிட்ட வந்து, செஞ்சது தப்புன்னு சொல்லல. நீ ஒருத்திதான் சொன்ன, அதுவும் எல்லாரும் கேக்க. ஏமாத்துறவளா இருந்தா அதத்தான மொதல்ல மறைப்ப? அதான் கூட்டியாந்தேன்.” பார்வதி யோகாவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். “எனக்கு இவ ஒருத்திதான் மிச்சம். அது ஒனக்குத் தெரியும். இவளுக்கு ஏதாச்சும் ஆச்சு, கவ்வாத்துக் கத்தியால ஒன்னைய வெட்டிருவேன்.”

“வெட்டு. ஆனா நாளைக்கு, நாளான்னைக்கு வெட்டிராத. ஊசி போட்டா லேசாக் காய்ச்சல் வரும், அது தானாப் போயிரும். அதுக்கப்புறமும் போகலன்னா கத்தியோட வா” என்றார் மிஸ்ஸி.

யோகாதான் முதலில் சிரித்தாள். டாக்டர் அவளைச் சோதித்து, அவள் கேட்டதற்கெல்லாம் சிங்களத்தில் பதில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். எத்தனையோ கேட்டாள், பார்வதி அதைவிட அதிகம் கேட்டார். கடைசியில் யோகா தானாகவே கையை நீட்டினாள். காய்ச்சல் வந்தது, போனது. பார்வதி கத்தியோடு வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு லயத்திலிருந்து மெல்ல மெல்லச் சிலர் வந்தார்கள். எல்லோரும் வரவில்லை.

வராதவர்களில் ஒருத்தி அடுத்த லயத்துச் சாந்தி. கைக்குள் அடங்குகிற மாதிரி சின்னப் பெண். அவள் புருசன் அந்த வீடியோவைக் காட்டிக் காட்டியே அவளைத் தடுத்தான். நோய் கீழ்ப் பிரிவுக்குள் நுழைந்தபோது யோகாவுக்கும் வந்தது, சாந்திக்கும் வந்தது. இரண்டு பேரையும் ஒரே அம்புலன்சில் பதுளைக்கு அனுப்பினோம். பார்வதி அம்புலன்ஸ் போன பாதையில் நின்றவர் நின்றபடியே நின்றார். மிஸ்ஸி கொஞ்சம் தள்ளி நின்றார், கிட்டே போகவில்லை. யோகா இருமிக்கொண்டே பிழைத்து எழுந்தாள். அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சாந்தியும் அவள் வயிற்றில் இருந்ததும் திரும்பி வரவில்லை. பெட்டியைத் திறந்து பார்க்கக்கூட விடவில்லை. அன்று அந்தக் குழுவிலிருந்து வீடியோவை யாரோ சத்தமில்லாமல் அழித்துவிட்டார்கள். ஒரு மன்னிப்பு இல்லை, ஒரு வருத்தம் இல்லை. மறுநாள் காலை வணக்கப் படங்கள் வழக்கம்போல் வந்தன.

அதன் பிறகு மிஸ்ஸி அடிக்கடி சாந்தி வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்துவிட்டு வருவார். அந்தப் புருசனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிச் சொன்னபோது, “அவன விடு. அவன் பயந்தவன். பயந்தவனுக்குப் பயத்த வித்தவன் எவனோ அவனத் திட்டு. திட்டுறதுன்னா நல்லாத் திட்டு” என்றார். அந்தச் சொல்லைத்தான் இப்போது காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

மிஸ்ஸியின் அடக்கத்துக்குப் போனேன். தோட்டத்துக் கல்லறை மேட்டில் நல்ல கூட்டம். ஹாட்வெயார் முதலாளி பெரிய மலர்வளையம் அனுப்பியிருந்தார். கடைப் பெயர் தூரத்திலிருந்தே தெரிந்தது. யூனியன்காரர் ஒருவர் பேசினார். அவர் மிஸ்ஸியின் பெயரை இரண்டு தடவை மாற்றிச் சொன்னார். பிறகு கணக்கு மாஸ்டர் வந்தார். ரோஜாவோடு ‘மலையகத்தின் தாய்’ என்று எழுதியவர் அவர்தான். இப்போது ஏதோ ஒரு மன்றத்துக்குச் செயலாளர். கூட்டத்தில் ஒருவரிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து, தான் பேசுவதைப் படம் எடுக்கச் சொல்லிவிட்டு, “கருவறை காத்த அன்னையே” என்று ஆரம்பித்தார். கழுத்து நரம்பு புடைக்கப் பேசினார். கூட்டம் தலையை ஆட்டியது. எனக்குக் கையில் இருந்த குடையால் ஒன்று போட்டால் என்ன என்று இருந்தது.

நான் போடவில்லை, அதற்குள் பார்வதி முன்னால் வந்துவிட்டார். மாஸ்டர் நிறுத்திவிட்டார். பாதிரியார் தடுக்க வாயெடுத்துப் பிறகு விட்டுவிட்டார்.

“அம்மான்னு சொல்லாதீங்க” என்றார் பார்வதி. “எனக்கு மறுபடி புள்ளையில்லாமப் பண்ணுனவ இவ. ஏங்கிட்டச் சொல்லாமப் பண்ணுனா. எம் மகளையும் பேரனையும் எனக்குக் காப்பாத்திக் குடுத்தவளும் இவதான். அதச் சொல்லிட்டுத்தான் செஞ்சா. ரெண்டையும் சொல்லிட்டுப் பொதைங்க.”

படம் எடுத்துக்கொண்டிருந்தவர் கைத்தொலைபேசியைக் கீழே இறக்கினார். பார்வதி குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் பெட்டியின் மேல் போட்டார். யோகா பிள்ளையின் கையிலும் கொஞ்சம் மண்ணைக் கொடுத்து, அவன் கையைப் பிடித்துப் போட வைத்தாள். நானும் போட்டேன். அப்போதுதான் எனக்கு வாய்விட்டு அழ வந்தது.

மிஸ்ஸியின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை, வேண்டவும் இல்லை. அவரைப் பற்றிய இரண்டு உண்மைகளையும் நான் வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் சொல்லி என்னிடம் யாரும் தப்ப முடியாது. அவரைத் தாய் என்று யாராவது உருகினால் லொறியைச் சொல்வேன். லொறியைச் சொல்லி அவரைத் தூற்றினால் யோகாவின் மகனைக் காட்டுவேன், சாந்தியின் பெயரையும் சொல்வேன், அவள் ஏன் செத்தாள் என்பதையும் சொல்வேன். கேட்கப் பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம்.